அரியலூர் இருக்கிற புத்தகம்

மகளுக்கு வீசிங். அவள் படித்த பள்ளிக்கூடம் சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோட்டோரம். பாதி நாள் லீவு, மீதி நாள் இருமல். ஆறாம் வகுப்போடு அவளை நிறுத்திவிட்டு நானே வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். எங்கள் வீடு ரோட்டை விட்டு உள்ளே, வயல் பக்கம். தூசி கொஞ்சம் குறைவு. நான் பத்தாவதோடு நின்றவள். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் நூலகத்திலும், அரியலூர் பெரம்பலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களின் வாயிலும்தான்.

வீட்டுக்காரர் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். அரியலூரில் லோடு ஏற்றினால் பாலக்காடு தாண்டித்தான் இறக்குவார். என் ஏற்பாட்டுக்கு அவர் அரை மனசாக ஒத்துக்கொண்டார். "பொங்கல் வரைக்கும் பாரு. புள்ளைக்கு ஒண்ணும் ஏறலைன்னா திருச்சியில ஹாஸ்டல்ல சேத்துடலாம்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் மூச்சு திணறும்போது மகள் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்தபடிதான் தூங்குவாள். ஹாஸ்டலில் யார் தோள் இருக்கிறது? அந்தப் பேச்சு வந்தாலே சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிடுவாள்.

கணக்கும் தமிழும் ஓடிவிட்டன. புவியியல்தான் நகரவில்லை. பாடப்புத்தகம் ஒவ்வொரு ஊரையும் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. கூட வைத்துப் படிக்க வேறு புத்தகங்கள் வேண்டும் என்று பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்குப் போனேன்.

எதை எடுப்பது, எதை விடுவது? கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததும் நம்ம ஆள் யாராவது இருக்கிறார்களா என்று தேடுவோம் இல்லையா, அந்த வழிதான் எனக்குத் தெரிந்தது. புத்தகத்தைத் திறந்து அரியலூர் இருக்கிறதா என்று பார்ப்பேன். இருந்தால் வாங்குவேன். நம்ம ஊரையே விட்டவன் உலகத்தை என்னத்தச் சரியாக எழுதியிருப்பான் என்று ஒரு நினைப்பு. ஒரு பழைய புத்தகத்தில் அரியலூர் பெரம்பலூர் மாவட்டத்துக்குள் கிடந்தது. புதியதில் தனி மாவட்டமாக இருந்தது. இரண்டையும் வாங்கினேன்.

கடைக்காரர் பேச்சுக்காரர். "என்னக்கா, ரேஷன் கடை மாதிரி அட்ரஸ் பாத்துதான் எடுப்பீங்க போல" என்றார். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. பஸ்ஸில் இரண்டு பேரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தேன். அதில் இருந்த குத்து எனக்கு உறைக்கவில்லை.

தீபாவளிக்கு ஊருக்கு வந்த வீட்டுக்காரர் மகளைக் கூப்பிட்டார். "பாப்பா, கடல் எங்க இருக்கு, சொல்லு."

"முன்னாடி நம்ம ஊருலதாம்ப்பா இருந்துச்சு. சிப்பியெல்லாம் கல்லாப் போயி கெடக்குதே."

"சரி, இப்ப எங்க போச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள். அவர் திசை கேட்டார், பக்கத்து மாநிலம் கேட்டார். சுண்ணாம்புக்கல், சின்ன வெங்காயம், பருத்தி, திருமானூர்ப் பக்கத்துக் கொள்ளிடம், இவற்றைத் தாண்டி அவளுக்கு ஒன்றும் வரவில்லை. நான் வாங்கிய புத்தகங்கள் எல்லாவற்றையும் புரட்டிப் புரட்டி எங்கள் ஊர்ப் பக்கத்தை மட்டும்தானே படிக்க வைத்திருந்தேன்.

"ஒன்னச் சொல்லிக் குத்தமில்ல. நம்ம ஊரத் தெரிஞ்சுக்கப் புஸ்தகம் எதுக்கு? கதவத் தொறந்தா தெரியுதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, திருச்சி ஹாஸ்டலில் இருக்கும் ஒரு பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டு விசாரித்தார். மகள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு அதே கடைக்குப் போனேன். "தம்பி, அரியலூர் இல்லாத புஸ்தகமா எடுத்துப் போடுங்க" என்றேன்.

"ஏங்க்கா, ஊரோட சண்டையா?"

மகள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் என் கை பின்பக்க அட்டவணைக்குப் போனது. "தேடாதம்மா" என்று புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கடைசியில் ஆறுகள் பற்றி ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி ஒன்று எடுத்தாள். நான் எடுத்திருந்தால் இரண்டையும் தொட்டிருக்க மாட்டேன்.

பொங்கலுக்கு அவர் வந்தபோது அவளே புத்தகத்தோடு போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, இந்தப் பக்கமும் மலை, அந்தப் பக்கமும் மலை. நடுவுல மட்டும் எப்படி ஒங்க லாரி சமமாப் போவுது?"

"ரோடு போட்டவன் நல்லவன்."

"இல்லப்பா. அங்க மலையே விட்டுப்போச்சு. பாலக்காட்டுக் கணவாய்."

அவர் புத்தகத்தை வாங்கித் தன் பக்கம் திருப்பினார். "அதான் அங்க அந்தக் காத்து அடிக்குதா? தார்ப்பாயே கிழிஞ்சு போவுது" என்றார். காற்று எந்த மாசத்தில், எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கும் என்று அவள் கேட்டாள். அவருக்கு மாசம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தேடினார்கள். பொங்கல் ஆறிப்போனது.

மாட்டுப் பொங்கலன்று நானே கேட்டேன். "ஏங்க, திருச்சிக்கு எப்பப் போறது?"

அவர் மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஜூன் வரைக்கும் இங்கயே இருக்கட்டும். வடக்குப் பக்கம் இன்னும் தொடவே இல்லைங்குறா."

"வடக்கயும் லோடு போவீங்களாப்பா?"

"எனக்குக் கேரளா போதும்மா. நீ படிச்சுட்டுச் சொல்லு" என்றார்.