பத்தடி நடை

கள்ளக்குறிச்சியில் நடந்த மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாமுக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். பெண், பெண்ணின் அம்மா, சித்தி, சித்தப்பா, நான். வராதவர் அப்பா. கரும்புக்கு அன்றைக்குத்தான் ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருந்தது. ஆள் கிடைத்த நாளில் வெட்டாமல் விட்டால் கரும்பு காய்ந்துபோகும். மகளின் கால் காயாது. அவரைக் குறை சொல்ல முடியாது.

நான் சிறப்புப் பயிற்றுநர். ஒப்பந்த வேலை. உடல் குறைபாடு உள்ள பிள்ளைகள் பாதியில் நிற்காமல் பள்ளியை முடிக்கவும், முடித்தபின் கல்லூரியிலோ ஐடிஐயிலோ சேரவும் கூட இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். என் வேலையை அம்மா இன்றைக்கும், "ஸ்கூலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவுல எங்கியோ" என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்கிறாள். அது சரிதான். எனக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலையில் என்றதும் கீழ்நாட்டுக்காரர்கள் தேன் கேட்பார்கள். இந்தப் பெண்ணின் அம்மாவும் கேட்டார். கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் மகளைப் பற்றிப் பேச விட்டார்.

பெண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே இடது கால் பலமில்லை, வலதைவிடக் குட்டையும்கூட. பன்னிரண்டாம் வகுப்பைச் சங்கராபுரத்தில் முடித்திருந்தாள். கள்ளக்குறிச்சி அரசுக் கல்லூரியில் பி.காம். சேர வேண்டும் என்பது ஆசை. அவள் வாங்கிய மார்க்குக்குப் பொது வரிசையில் இடம் கிடைக்காது. மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் கிடைக்கும். அதற்குக் குறைபாடு நாற்பது சதவீதத்துக்குக் குறையாது என்று டாக்டர் தரும் சான்றிதழ் வேண்டும். இத்தனை வருஷமாக அதை எடுக்காமலே இருந்திருக்கிறார்கள்.

"பேப்பர்ல ஏறிட்டா அப்பறம் எவன் சார் கட்டிக்குவான்?" என்றார் அம்மா.

பேசிப் பேசித்தான் ஒத்துக்கொள்ள வைத்தேன்.

முகாமன்று பெண் பட்டுப்புடவையில் வந்து இறங்கினாள். தலை நிறைய மல்லிகை. வாடினால் மாற்றிவைக்க சித்தியின் பையில் இன்னொரு சரம்.

"இன்னாத்துக்குங்க பட்டு?" என்று கேட்டேன்.

"டாக்டரு பாக்கறாருல்ல சார்," என்றார் சித்தி. "நாலு பேரு பாக்கற எடம்."

டாக்டர் அறைக்குள் துணைக்கு ஒருவரைத்தான் விட்டார்கள். அம்மா போனார். நானும் சித்தியும் சித்தப்பாவும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். கதவு பாதி திறந்திருந்ததால் எல்லாம் தெரிந்தது.

டாக்டர் நடந்து காட்டச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் இதற்கென்றே ஒரு நடை இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்கள் உட்காரும் பாய்க்கும் சமையலறை வாசலுக்கும் நடுவே பத்தடி இருக்கும். காபித் தட்டோடு அந்தப் பத்தடியை நொண்டாமல் கடக்க அம்மா பழக்கியிருந்தார். இடது காலின் விரல் நுனியை ஊன்றவேண்டும், புடவைக் கரையைத் தரையோடு தரையாக விடவேண்டும், தலையை நிமிர்த்தக்கூடாது. டாக்டரின் அறையும் கிட்டத்தட்ட அதே நீளம். பெண் அழகாக நடந்து முடித்தாள்.

அடுத்து டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார். பெண் வாய் திறப்பதற்குள் அம்மா பதில் சொன்னார்.

"படி ஏறுவாளா?"

"ஏறுவா சார்."

"சம்மணம் போட்டு உட்காருவாளா?"

"ஓ, உக்காருவா. கொடத்துல தண்ணி அவதான் தூக்கறா. ஒரு வேலைக்கும் நம்மள எதிர்பாக்க மாட்டா. கோவமே வராது சார்."

கோபத்தைப் பற்றி டாக்டர் கேட்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு சதவீதம்.

அம்மா சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். "கம்மியாதான் சார் போட்டாரு!" சித்தப்பா எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெண் மட்டும் தலையிலிருந்த பூவைக் கழற்றிச் சித்தியின் பையில் போட்டாள். எல்லாரும் டீக்கடைக்குப் போனோம். டீ வந்ததும் அவளே சொன்னாள்.

"பாஸ் மார்க் நாப்பதும்மா. நான் ஃபெயிலு."

"கால்ல கூடவாடி ஃபெயிலாவ?" என்றார் அம்மா.

மறுபரிசீலனைக்கு விண்ணப்பித்தோம். கல்லூரியில் ஒதுக்கீட்டுச் சேர்க்கைக்கு முன்பாகவே தேதி கிடைத்தது. விண்ணப்பம் போட்ட அன்று சாயங்காலம் கரும்பு லோடு ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்த அப்பா, கால் கழுவிக்கொண்டே விவரம் கேட்டார்.

"எவ்ளோ இருந்தா சீட்டு குடுப்பான் சார்?"

"நாப்பதுங்க."

மனைவி பக்கம் திரும்பினார். மணலூர்பேட்டைப் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் போன மாதம்தான் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"அவங்களுக்கு எவ்ளோ இருக்கணும்?"

"சைபரு," என்றார் அம்மா.

அப்பா யோசித்தார். "நடுவுல எதுனா போடச் சொல்லக்கூடாதா சார்?"

முடியாது என்றேன். அவர் தோளில் கிடந்த துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"இன்னாம்மா சொல்ற?"

"காலேஜிக்குப் போறம்பா."

"போ அப்ப," என்றார். அம்மா உள்ளே போய்ப் பாத்திரங்களை வேண்டிய அளவுக்கு மேல் சத்தமாகக் கழுவினார்.

இருக்கிறபடி நடந்தால் போதும் என்று பெண்ணிடம் சொல்லியிருந்தேன். ஒத்திகை பார்த்தபோதுதான் அது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தது. அவள் நேராக நடந்தாள். திரும்பவும் நடக்கச் சொன்னேன். இன்னும் நேராக நடந்தாள்.

"நீங்க பாக்காதீங்க சார். யாரு பாத்தாலும் தானா நேராயிடுது."

நான் திரும்பி, ரோட்டில் போகிற கரும்பு டிராக்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் செருப்பு தரையில் இழுபடும் சத்தம் வந்தது. இரண்டு வருஷமாக அவளைத் தெரியும். அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன்.

இரண்டாவது முறை அப்பாவும் வந்தார். பெண் சுடிதார் போட்டிருந்தாள், பூ இல்லை. இந்தத் தடவை மூன்று டாக்டர்கள். போனமுறை பார்த்தவரும் அவர்களில் ஒருவர். வராந்தாவின் கோடி வரை போய்த் திரும்பி வரச் சொன்னார்கள். நான் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். என்னைப் பார்த்து அப்பாவும் திரும்பினார். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவும். டெங்கு கொசுவைப் பற்றிய போஸ்டரை மூன்று பேரும் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தோம். பின்னால் செருப்பு இழுபட்டது, நின்றது, மறுபடி இழுபட்டது. பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டாள் என்று பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

பழைய டாக்டர் அம்மாவிடம் கேட்டார். "போன தடவ கொடத்துல தண்ணி தூக்குவான்னீங்களே?"

அம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார்.

"அது பொண்ணு பாக்க வரவங்ககிட்ட சொல்றது சார். சொல்லிச் சொல்லி வாயில அதான் வருது. தண்ணி நான்தான் தூக்கறேன். படி ஏற கைப்பிடி வேணும். சம்மணம் போட்டா எந்திரிக்க நான் கை குடுக்கணும்." மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "கோவமும் வரும்," என்றார்.

ஐம்பது சதவீதம் எழுதினார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். மகள் அவர் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

அந்த வாரமே தரகர் வண்டியில் வந்து சேர்ந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன், கல்லூரிக்கு வேண்டிய ஜெராக்ஸ்களை அடுக்கிக்கொண்டு. அவர் கேட்பதற்கு முன்பே, சொம்பில் தண்ணீரைக் கொடுத்த கையோடு அம்மா மகளின் கால் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தரகர் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"இதுக்கா இம்மாம் பயந்துக்கினு இருந்தீங்க? பையனோட அத்தை அன்னிக்கே கண்டுபுடிச்சிட்டாங்க. தட்டுல டம்ளரு ஆடுச்சாமே. அதனாலதான் பதினஞ்சு பவுனு கேட்டாங்க. இல்லாட்டி பத்துதான்."

அம்மா அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

"காலுக்கு அஞ்சு பவுனா?" என்று கேட்டார் அப்பா.

"ஊர்ல நடக்கறதுதானுங்க."

உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது. "அண்ணா, மூணு வருஷம் கழிச்சி வாங்க. பவுன் வெல எறங்கட்டும்."

தரகர் சிரித்துவிட்டார். அம்மா சிரிக்கவில்லை. ஆனால் பெரியவர்கள் பேசும்போது நடுவில் பேசாதே என்று எப்போதும் போடுகிற அதட்டலையும் போடவில்லை. தரகர் வண்டியை எடுத்ததும் எழுந்து வந்து, "எந்தப் பேப்பரு சார் இன்னும் பாக்கி?" என்று என்னிடம் கேட்டார்.

பி.காம். கிடைத்தது. சேர்க்கை முடிந்து கல்லூரி வாசலுக்கு வந்ததும், அப்பா எல்லாரையும் வேப்பமரத்து நிழலில் நிற்கவைத்து விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். மூன்று முறை கள்ளக்குறிச்சிக்கு வந்துபோகும் பஸ் செலவு, பட்டுப்புடவைக்கு இஸ்திரி, மல்லிகை இரண்டு சரம், ஜெராக்ஸ், போட்டோ, டீ, கல்லூரிக் கட்டணம். எல்லாம் சேர்த்து மூவாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய். "கால் பவுனுகூட ஆவல," என்றார்.