இடது கார்னர்

கபடியில் நான் இடது கார்னர். வரிசையின் கடைசி ஓரத்தில் நின்று, பாடி வருகிறவனின் கணுக்காலைக் கவ்வுகிற வேலை. அருவங்காடு வெடிமருந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் மைதானத்தில் பத்து வயதிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வேறு எதிலும் எனக்குப் பெரிய சாமர்த்தியம் கிடையாது, படிப்பு உட்பட. ஆனால் கார்னர்காரன் தனியாக நிற்பதில்லை. பக்கத்தில் கவர் நிற்கிறவன் அவன் கையைக் கோத்துப் பிடித்திருப்பான். காலை நான் பிடித்த மறுநொடி அவன் வந்து மேலே விழுவான். அந்தக் கை இருக்கிற தைரியத்தில்தான் பாய்வதே.

என் கையைப் பிடித்திருந்தவன் சேரங்கோட்டுக்காரன். அங்கே அரசு தேயிலைத் தோட்டத்தில் அவன் அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்தார்கள். தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பம். பிளஸ் டூ படிப்பதற்காக எங்கள் பக்கத்து வீட்டில், ஃபேக்டரியில் வேலை பார்த்த அவன் மாமாவுடன் தங்கியிருந்தான். நாங்கள் "புரியுதா" என்று கேட்கிற இடத்தில் அவன் "விளங்குதா" என்பான். அதற்காக அவனைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறோம். கோபமே வராது அவனுக்கு. எனக்கோ மூக்கின் மேலேயே இருக்கும்.

பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு ஒரு கபடிப் போட்டி நடந்தது. அதைப் பார்க்க கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றின் விளையாட்டு ஆசிரியர் வந்திருந்தார். அவருக்கு அமெரிக்கன் ஃபுட்பால் மீது பைத்தியம். எங்கள் பிடியைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே பழைய ஹெல்மெட்டுகளும் தோள் கவசங்களும் இரண்டு சாக்கில் அனுப்பினார். ஜூனில் தன் பையன்களோடு வருவதாகவும், பக்கத்துக்கு ஏழு பேராக ஆடலாம் என்றும், எங்களில் ஒருவனுக்குக் கல்லூரியில் இலவச ஸீட்டும் ஹாஸ்டலும் தருவதாகவும் சொல்லியனுப்பினார். ஒருவனுக்குத்தான். ஸீட் கிடைக்காவிட்டால் என் சிநேகிதன் ஊருக்குத் திரும்பித் தோட்ட வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். எனக்கும் அப்படியொன்றும் மாற்று வழி இல்லை. அப்பா ஒரு வெல்டிங் பட்டறையில் பேசி வைத்திருந்தார்.

சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒரே செல்போன், அதற்கும் டவர் ரயில்வே கேட் ஓரத்தில்தான் கிடைக்கும். ஏழு பேர் தலையை முட்டிக்கொண்டு அங்கே வீடியோ பார்ப்போம். பந்து முட்டை வடிவம். அதை வைத்திருக்கிற அணி இரண்டே காரியம்தான் செய்யும். தூரத்தில் ஓடுகிறவனுக்கு எறியும். இல்லையென்றால் ஒருவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவான். எது வரப்போகிறது என்று முன்கூட்டித் தெரியாது. ஓரத்தில் நின்று இரண்டுக்கும் தயாராக இருக்கிறவன் பெயர் கார்னர்பேக். பெயரைக் கேட்டதுமே இடது ஓரம் எனக்கு என்று சொல்லிவிட்டேன். கபடியில் நின்ற அதே இடம்தானே என்ற தெனாவட்டு.

ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். எறிதல் வந்தால் எதிராளியைப் பார்த்தபடியே பின்னோக்கி ஓட வேண்டும். அவன் தோளையும் கண்ணையும் நம்பக் கூடாது, இடுப்பைப் பார்க்க வேண்டும். இந்தப் பக்கம் போவதாகத் தோளை ஆட்டி ஏமாற்றலாம், இடுப்பை வைத்து ஏமாற்ற முடியாது. பந்து வந்து சேருகிற வரை அவனைத் தொடவும் கூடாது. இதுதான் எனக்கு உயிர் போகிற வேலையாக இருந்தது. எட்டு வருஷமாக, எதிரே வருகிறவன் காலைப் பிடித்துப் பழகிய கை. வெறுங்கையோடு ஓடுகிறவன் கணுக்காலையெல்லாம் பிடித்துக் கவிழ்த்தேன். "பந்து அவன்கிட்ட இல்லடா" என்று என் சிநேகிதன் பின்னாலிருந்து சிரிப்பான்.

ஓட்டம் வந்தால் வேறு கணக்கு. என்னைத் தடுக்க வருகிறவனைத் தள்ளிவிட்டு, எல்லைக்கோட்டுப் பக்கம் விலகி நிற்க வேண்டும். பந்தோடு வருகிறவனுக்கு வெளிப்பக்கம் வழி விடக் கூடாது. நான் பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை. அவனை உள்ளே திருப்பிவிட்டால் போதும், உள்ளே நிற்கிறவன் பிடித்துக்கொள்வான். உள்ளே நிற்கிறவன் என் சிநேகிதன். கபடியில் கை எட்டுகிற தூரத்தில் நின்றவன், இதில் பத்தடி தள்ளி நின்றான். "மெனக்கெடறது நானு, பேரு உனக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். விளையாட்டாகக் கேட்டதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவன் விளையாட்டாக எடுக்கவில்லை. "நீ திருப்பி மட்டும் வுடு. நான் அங்கதான் நிப்பேன்" என்றான்.

ஜூனில் அவர்கள் வந்த அன்று காலையிலிருந்தே மூடுபனி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. கோயமுத்தூர்ப் பையன்கள் எங்களைவிட உயரம், வேகம். ஆனால் உயரமாக எறிந்த பந்து பனிக்குள் போய் மறைந்துவிட, அவர்கள் அண்ணாந்து தேடிக்கொண்டு நின்றார்கள். எங்களுக்கு இது பழகின சமாச்சாரம். பந்தைத் தேடவே மாட்டோம். நான் என் ஆளின் இடுப்பையே பார்த்துக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒரு தடவை அவன் கண் விரிந்து கை மேலே போனது. நானும் திரும்பிக் கையைத் தூக்கினேன். பந்து என் கையில் வந்து விழுந்தது. அந்தப் பாதி ஆட்டத்தில் நான் நின்ற ஓரம் அந்த ஆசிரியரின் நாற்காலிக்குப் பக்கத்தில். கை தட்டிவிட்டு நோட்டில் எதையோ எழுதினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினோம். இப்போது என் ஓரம் அவருக்கு எதிர்க்கோடி. பனி அடர்ந்தபோது அவர் பக்கமே எனக்குத் தெரியவில்லை. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம் இருந்தது, நாங்கள் நான்கு புள்ளி முன்னால் இருந்தோம். பந்தோடு எங்கள் கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் அவர்களுக்கு ஆறு புள்ளி. அவர்கள் பந்தை எறியவில்லை. கட்டையான ஒருவன் அதை இடுக்கிக்கொண்டு என் பக்கமாக ஓடி வந்தான். தடுக்க வந்தவனைத் தள்ளிவிட்டேன். சரியான இடத்தில்தான் நின்றேன். அடுத்து அவனை உள்ளே திருப்ப வேண்டியதுதான். உள்ளே என் சிநேகிதன் முட்டியை மடக்கிக் குனிந்து காத்திருப்பதைப் பார்த்தேன்.

பார்த்ததுதான் வினை. இவனைத் திருப்பிவிட்டால் பிடிக்கப்போகிறவன் அவன்; ஆட்டத்தின் கடைசிப் பிடி; நோட்டில் ஏறப்போவது அவன் பெயர். இவ்வளவும் அந்த அரை நொடியில் என் மனதில் ஓடியது. வேகத்தில் தெரியாமல் நடந்துவிட்டது என்று பல வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பொய். தெரிந்துதான் வெளிப்பக்கத்தை விட்டு உள்ளே பாய்ந்தேன், கணுக்காலுக்கு. கையில் ஒரு ஷூ மட்டும் வந்தது. அவன் ஒற்றைக் கால் ஷூவோடு நான் திறந்துவிட்ட வழியில் ஓடினான். உள்ளே நின்ற என் சிநேகிதன் திரும்பி, மைதானத்தின் குறுக்கே உயிரைக் கொடுத்து ஓடினான். கோட்டுக்கு முன்னால் பாய்ந்தான். ஒரு முழம் எட்டவில்லை. சேற்றில் முகம் குப்புற விழுந்தான்.

பனியிலிருந்து இருவரும் வெளியே வந்தபோது மற்றவர்கள் பார்த்தது அதை மட்டும்தான். முன்னால் ஓடுகிறவன், பின்னால் தாமதமாக வந்து விழுகிறவன். தோற்றோம்.

வேனில் சாக்குகளை ஏற்றும்போது ஆசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முதல் பாதியில் நான் பந்தைப் பிடித்ததைப் பாராட்டினார். பிறகு, "ஏப்பா, உள்ள நின்ன அந்தப் பையன் நல்லாத்தான ஆடினான், கடைசில ஏன் லேட் ஆயிட்டான்?" என்று கேட்டார்.

"தெரியலீங்க சார்" என்றேன்.

அந்த இரண்டு வார்த்தையில் எனக்கு ஸீட் கிடைத்தது. என் சிநேகிதன் என் தோளைத் தட்டி, நல்லாப் படி என்றான். அவன் முழங்கையில் சேறு இன்னும் காயாமல் இருந்தது. மறுவாரம் ஊருக்குப் போய்விட்டான்.

நான் படித்தேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார் ஆனேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவனுக்குப் போன் செய்வேன். மழை, கல்யாணம், குழந்தைகள் என்று எல்லாம் பேசுவோம், அந்த ஆட்டத்தைத் தவிர. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்கு விசில் ஊதும்போதெல்லாம் குறுகுறுத்தது. பையன்களிடம் "இடத்த விடாத" என்று கத்திவிட்டு, எனக்கே வாய் கசந்து நின்றிருக்கிறேன்.

பதினோரு வருஷம் கழித்து, பள்ளி அணியோடு கூடலூருக்குப் போயிருந்தேன். ஆட்டம் மதியத்தோடு முடிந்தது. பையன்களை இன்னொரு வாத்தியாரோடு அனுப்பிவிட்டு சேரங்கோட்டுக்கு பஸ் ஏறினேன். அவன் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் பகுதியில் இருந்தான். ஷிப்ட் முடிந்து வந்து, டீ வாங்கிக் கொடுத்து, வெளியே படியில் என்னோடு உட்கார்ந்தான். ஒரு வாய் குடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

"அன்னிக்கு நீ லேட் இல்ல. வெளிப்பக்கத்த விட்டது நாந்தான். வேணும்னேதான் விட்டேன்."

அவன் டீயை ஊதினான். ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

"எனக்கு அன்னிக்கே விளங்கிருச்சுடா. நான்தானே உன்னப் பாத்துக்கிட்டு நின்னேன்" என்றான். டம்ளரைப் படியில் வைத்துவிட்டு, "சார்கிட்டச் சொன்னியா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன்.

"அப்ப அவர்கிட்டச் சொல்லு. தெரிஞ்சவன்கிட்ட வந்து என்னத்தச் சொல்ற."

அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டான். கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டான்.

கூடலூர் பஸ் ஸ்டாண்டில் டவர் கிடைத்தது. ஆசிரியர் ஓய்வு பெற்று, சொந்த ஊரான மேட்டுப்பாளையத்தில் இருக்கிறார் என்று தெரியும். என் குரலைக் கேட்டதும் சந்தோஷப்பட்டார். என் வேலை, குழந்தை என்று எல்லாம் விசாரித்தார், மேட்டுப்பாளையத்து வெயிலைச் சொல்லி அலுத்துக்கொண்டார். நான் ஆட்டத்தைச் சொன்னேன். பனியைச் சொன்னேன், கடைசி ஓட்டத்தைச் சொன்னேன். அந்தப் பையன் தாமதமாக வரவில்லைங்க சார், நான் இடத்தை விட்டேன், நீங்கள் கேட்டபோது தெரியாது என்று பொய் சொன்னேன் என்றேன்.



"எந்தப் பையன்ப்பா?" என்று கேட்டார்.

அவன் பெயரைச் சொன்னேன். ஊர் சேரங்கோடு என்றேன். உள்ளே நின்றவன் என்றேன், கடைசியில் சேற்றில் விழுந்தானே என்றேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை. நான் பந்து பிடித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.