பூட்டு திறந்த போன்

"கம்பெனிக்காரன் போட்டுக் குடுத்தத மாத்தறதுக்கு நீ என்ன அவனவிட பெரிய ஆளா? நாளைக்கு ஒண்ணுன்னா திரும்பிக்கூடப் பாக்க மாட்டான், பாரு" என்றார் சித்தப்பா. அம்மாவுக்காக வாங்கிய புதுப் போனை நான் மடிக்கணினியோடு இணைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். கல்லூரியில் கணினி படித்தவள். அந்தத் திமிர் எனக்கு உண்டு. இப்போதும் உண்டு. அம்மாவுக்கு எழுத்து தெரியாது. போனோடு வந்த மென்பொருளில் தொட்ட இடமெல்லாம் விளம்பரம். எதையோ தொடப்போய் எதுவோ திறந்துகொள்ளும். பயந்துபோய் அதைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிடுவாள். அதனால்தான் கம்பெனி போட்ட பூட்டைத் திறந்து, அந்த மென்பொருளை எடுத்துவிட்டு வேறொன்றை ஏற்றினேன். திரையில் எங்கள் முகங்கள் பெரிதாக, கீழே பேசிப் பதிய ஒரு மைக். அவ்வளவுதான். திரையில் தெரியும் ஒன்பது புள்ளிகளை இணைத்து 'ப' போட்டால் போன் திறக்கும். அம்மா எழுதிய ஒரே எழுத்து அது. பூட்டைத் திறந்தால் வாரண்டி போய்விடும் என்று முதலிலேயே காட்டியது. படித்துவிட்டுத்தான் 'சரி' என்பதைத் தொட்டேன்.

அதற்குப் பிறகு போனை இயக்கும்போதெல்லாம் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்து போகும்: பூட்டு திறந்திருக்கிறது, இந்தக் கருவியை நம்ப வேண்டாம் என்று. முதல் தடவை அதைப் பார்த்து, "வணக்கம் சொல்லுதா?" என்றாள் அம்மா. நான் சிரித்தேன். அவள் பதிலுக்குக் கும்பிட்டாள்.

எழுதி வைக்கத் தெரியாதவள் பேசி வைக்கப் பழகினாள். "மேலாண்ட கொல்லையில மல்லாட்டைக்குக் களை ஜாஸ்தி, ஆள் சொல்லணும்." "பொண்ணு சனிக்கிழம வர்றா, முருங்கக்கீர பறிக்கணும்." யாருக்கும் அனுப்ப அல்ல, தனக்கே. வெள்ளிக்கிழமைகளில் அரிவாளுக்கும் அம்மிக்கும் வைத்த கையோடு போனின் முதுகிலும் மஞ்சள் குங்குமம் வைப்பாள்.

தை மாதம் காய்ச்சல் என்று படுத்தவள் ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்த மறுநாள், அவள் குரலைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். அந்த எச்சரிக்கை வந்தது, அணைந்தது. மறுபடி வந்தது, அணைந்தது. அதைத் தாண்டிப் போகவே இல்லை. நகல் எடுத்து வைக்கவில்லையா என்று கேட்காதவர்கள் இல்லை. அம்மா தன் பாட்டுக்குத் தினமும் பேசிக்கொண்டிருந்தாள். முடிந்துபோகப் போகிறது என்று நினைத்து யார் நகல் எடுப்பார்கள்?

வாரண்டிக் காலம் இன்னும் மிச்சம் இருந்தது, கேட்டுத்தான் பார்ப்போமே என்று கிளம்பினேன். திருவண்ணாமலையில் இருந்த கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குச் சித்தப்பாவும் கூட வந்தார். அங்கே இருந்தவர், பின்பக்க எண்ணைப் படிப்பதற்காகப் பஞ்சை நனைத்து ஒரே தேய்ப்பில் குங்குமத்தைத் துடைத்தார். பிறகு போனை இயக்கினார். திரை அம்மாவின் வணக்கத்தைச் சொன்னது.

"போர்டுதான் போயிருக்கும். ஆனா லாக் தொறந்திருக்கீங்களே மேடம். வாரண்டி வராது."

"கெட்டது உள்ள இருக்கிற போர்டுதானே? நான் போட்ட சாஃப்ட்வேராலதான் கெட்டுச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அப்படின்னு நான் சொல்லல. ஆனா லாக் தொறந்திருந்தா நாங்க கைய வெக்கக் கூடாது. ரூல்ஸ்."

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்று சித்தப்பா ஆரம்பித்தார். பாதியில் நிறுத்திவிட்டு அவரிடம் கேட்டார், "சரிங்க, இது மாத்தாத போனா இருந்தா என்னா பண்ணியிருப்பீங்க?"

"காசில்லாம புது போர்டு போட்டுக் குடுத்திருப்போம் சார்."

"உள்ள எங்க அண்ணி பேசி வெச்சதெல்லாம்?"

"அது பழைய போர்டோட போயிடும். போனுக்குத்தான் வாரண்டி சார். உள்ள இருக்கிறதுக்கு இல்ல."

போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு சித்தப்பா மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, அந்த மைக்கு கம்பெனிக்காரன் வெச்சதா, நீ வெச்சதா?"

"நான் வெச்சது."

"ம்" என்றவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது.

போன வாரம் சென்னைக்குப் போய், போர்டை மாற்றாமல் அதையே பழுது பார்க்கும் ஒரு கடையில் போனைக் கொடுத்துவிட்டு வந்தேன். வந்தால் வரும், போனால் மொத்தமும் போய்விடும், எந்தப் பொறுப்பும் ஏற்க மாட்டோம் என்றார்கள். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். உயிர் வந்தால் திறப்பது எப்படி என்று கேட்டார்கள். அவர்கள் தந்த தாளில் ஒன்பது புள்ளிகள் வைத்து 'ப' போட்டுக் கொடுத்தேன்.