வேலியில் ஒரு பொட்டு

1975ஆம் ஆண்டு ஊரைவிட்டுக் கடல் கடந்து பென்டில் ஹில்லுக்குக் குடிவந்த நாளிலிருந்து புஷ்பவல்லியைப் பிடித்தாட்டியது ஒரே பயந்தான். மூச்சு முட்டிச் செத்துக் கிடந்தாலும் பொழுதுபடும் வரை யாருக்கும் தெரியாது.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே தொய்வு, மூச்சிழுப்பு நோய். ஊரில், கொக்குவிலில், இழுப்புச் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டார் வேலிப் பொட்டுக்குள்ளால் குனிந்து வந்துவிடுவார்கள். அதற்கென்றே கிடுகு வேலியில் விட்டுவைத்த இடைவெளி அது. இங்கேயோ ஆளுயரப் பலகை வேலி. கணவர் இந்திரகுமார் விடிய ரயிலேறினால் இருட்டித்தான் வருவார். தொலைபேசி இல்லை. மே மாதம் ஒரு பகல் குசினித் தரையில் கிடந்து கரண்டியால் தட்டத்தைத் தட்டினாள். ஒருவரும் வரவில்லை.

தெளிந்ததும் சுத்தியலோடு போய் வேலியில் இரண்டு பலகைகளைக் கழற்றினாள்.

இருட்டி வந்த இந்திரகுமார் வேலியைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவந்தார். "உமக்கென்ன விசரே? பொலிசைக் கூப்பிட்டாங்களெண்டால்?"

"கூப்பிடட்டும். பொலிசாவது வீட்டை வருமல்லோ."

"பகிடி விடாதையும். சனிக்கிழமை நான் திருப்பி அடிச்சுவிடுறன்."

அதற்கு அவசியம் வரவில்லை. மறுநாளே அந்தப் பக்கத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. திரைச்சீலை விளிம்பால் பார்த்தாள். பொட்டு அடைபட்டிருந்தது. சற்று நேரத்தில் முன்கதவை யாரோ தட்டினார்கள். சண்டைக்குத்தான் வந்துவிட்டார்கள் என்று குசினிக் கதவின் பின்னால் ஒடுங்கி நின்றாள். அதன்பிறகு கொடியில் துணி போடவும் வெளியே போகவில்லை.

வியாழக்கிழமை பகல் இழுப்பு வந்தது. மாத்திரைக்கும் அடங்கவில்லை. கண் இருண்டது. பழகிய கால்கள் அவளைத் தெருவுக்கு அல்ல, வேலிக்கே கொண்டுபோயின. அடைத்த பலகைகளில் அறைந்தாள். கை ஒரு கொக்கியில் பட்டது. அவள் பக்கத்துக் கொக்கி. அதைத் தூக்கியதும் பலகைகள் கதவாகத் திறந்துகொள்ள, அடுத்த வளவுக் கோழிகளின் நடுவே போய் விழுந்தாள். கோழிகள் போட்ட கூச்சலில் வீட்டுக்காரி கார்மென் மாவுக் கையோடு ஓடிவந்தாள்.

வைத்தியர் வந்து ஊசி போட்டபின்தான் மூச்சு திரும்பியது. கார்மென் மால்டாக்காரி, புஷ்பவல்லியைப் போலவே அவளுக்கும் ஆங்கிலம் அரைகுறை.

"கோழி ஓடாமலிருக்கக் கதவு வைத்தோம். அதைச் சொல்லத் தட்டினால் நீ திறக்கவில்லை."

"பயம்."

"என் வேலியைப் பிடுங்கப் பயமில்லை, உன் கதவைத் திறக்கப் பயமோ?"

புஷ்பவல்லியின் பயம் அதன்பிறகும் தீர்ந்துவிடவில்லை. அவசரத்தில் திறபடாமல் போனால் என்று அந்தக் கொக்கியை அவள் ஒருநாளும் மாட்டவில்லை. அவள் போட்ட கீரைப் பாத்தி முழுவதையும் கார்மெனின் கோழிகளே தின்றன.