கடைசிப் பந்தி

அவருக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது சபைதான். வைத்தது யார் என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டுவார்கள். பொருத்தமான பெயர்தான். ஆராதனை தொடங்கி முடியும்வரை அந்த மனிதர் ஓரிடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுப்பார், மின்விசிறியைக் கூட்டுவார், குறைப்பார். ஒரு வேலையும் இல்லாவிட்டால், மூடியிருக்கிற ஜன்னலைத் திறந்து மறுபடி மூடுவார்.

வாரத்தில் ஆறு நாள் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற வேலை. அந்தக் கணக்கான கையால்தான் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்துக்கு அப்பமும் வெட்டுவார். துண்டுக்குத் துண்டு நூலளவு வித்தியாசம் இருக்காது. உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்துப் பிழிந்து ரசம் வடிப்பவரும் அவரே. சபையார் பந்தி பந்தியாகப் பீடத்தின் முன் முழங்காலிடுவார்கள். போதகர் ஒரே பாத்திரத்தை ஒவ்வொருவர் வாயிலும் வைப்பார். வாய்க்கு வாய் அதன் விளிம்பைத் துணியால் துடைத்துவிடுவது பம்பரத்தின் பொறுப்பு.

"நீங்க எடுக்கலையா?" என்று போதகர் கேட்டால், "உள்ள போய் எடுத்துக்கிறேன் ஐயா" என்பார். உள்ளே போய் மீதியைக் கொல்லைச் செடியின் வேரில் ஊற்றிவிட்டு வருவார். ஒன்பது வருஷமாக அவர் திருவிருந்து எடுக்கவில்லை.

காரணம் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அவருடைய தம்பி, லிஃப்ட் மெக்கானிக்.

அவர்களுடைய தாய் ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தாள். துடைத்து, கழுவி, ஊட்டிப் பார்த்தவர் பம்பரம். தூரத்தில் வேலையாயிருந்த தம்பி வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடியாகிவிட்டது. கல்லறை வாசலில் அவன், "அம்மா என்னைக் கேட்டாங்களா அண்ணே?" என்றான்.

"ஒரு தடவைகூடக் கேக்கல" என்றார் இவர்.

பச்சைப் பொய். அந்த அம்மாள் ஐந்து மாதமும் கேட்டது சின்னவனைத்தான். கழுவிவிட்டது இவர் கை, வாயில் வந்தது அவன் பெயர். யாருக்குத்தான் வயிறெரியாது? எரிந்தது, வார்த்தையாக வெளியே விழுந்துவிட்டது, திரும்ப அள்ள முடியவில்லை. கடைசி நேரத்தில் வராதவன் என்று ஊர் தம்பியைத்தான் ஏசியது. அவனும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கடைசிப் பெஞ்சுக்குப் போனான். இவர் பம்பரமாகச் சுற்றத் தொடங்கினார். உட்கார்ந்தால் அந்தப் பொய் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை வைத்துக்கொண்டு அப்பத்தைத் தொட அவருக்குத் துணிவும் இல்லை.

அந்தச் சபையில் அப்பத்துக்கு முன் சமாதானம் கொடுக்கிற வழக்கம் உண்டு. போதகர் இரண்டு கைகளையும் பம்பரத்தின் கைகளுக்குள் வைப்பார். இவர் அதை முதல் பெஞ்சில் கொடுப்பார். அது கைக்குக் கை மாறிக் கடைசிப் பெஞ்சு வரை போகும். அது அங்கே போய்ச் சேர்வதற்குள் இவர் உள்ளறைக்குள் புகுந்துவிடுவார்.

இப்படியே ஓட்டியிருப்பார். மகள்தான் குறுக்கே வந்தாள். அவளுக்குச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற திடப்படுத்தல் முடிந்து அந்த ஞாயிறுதான் முதல் திருவிருந்து. வெள்ளிக்கிழமை சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நீங்க என் பக்கத்துல முட்டி போடணும்."

"பாத்திரம் யாரு துடைக்கிறது?"

"நீங்க எடுத்து நான் பாத்ததே இல்ல. ஒரே அப்பத்தைப் பிட்டுத் திங்கிறது நாமெல்லாம் ஒரே வீடுன்னு ஒத்துக்கிறதுதான்னு ஐயா வகுப்புல சொன்னாரு. நீங்க வராட்டி எனக்கும் வேணாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் அந்தக் குடும்பத்துச் சொத்து.

சனிக்கிழமை அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் திராட்சை கொதித்துக்கொண்டிருக்கும்போதே, திராட்சை வாங்கிவருகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவள் வாயைத் திறப்பதற்குள் தெருவில் இருந்தார். தம்பி குடியிருக்கும் மாடிக்கு ஏறினார், அழைப்பு மணியில் விரலை வைத்தார், அழுத்தாமல் இறங்கினார். மறுபடி ஏறினார். மூன்றாவது முறை கீழ்வீட்டுக்காரர், "யாரைத் தேடுறீங்க?" என்றார். "யாரையும் இல்ல" என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். ஞாயிறு காலை அப்பத் தட்டைப் பார்த்துத்தான் மனைவி கேட்டாள்.

"என்னங்க இது, ஒண்ணு பெரிசும் ஒண்ணு சிறிசுமா?"

ஆராதனையில் போதகர் சமாதானம் கொடுத்தார். பம்பரம் அதை வாங்கிக்கொண்டு முதல் பெஞ்சைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார். நீட்டிய கைகள் நீட்டியபடி நின்றன. கடைசிப் பெஞ்சில் போய்த் தம்பியின் கைகளைப் பிடித்தார்.

"அம்மா உன்னைத்தான் கேட்டாங்க. கடைசி நாள் வரைக்கும். நான் சொன்னது பொய்."

தம்பி அவர் முகத்தையே பார்த்தான். பிறகு கைகளை உருவிக்கொண்டு வாசலைத் தாண்டி வெளியே போய்விட்டான்.

பம்பரம் திரும்பி நடந்தார். சொல்லிவிட்டால் கனம் குறையும் என்று எண்ணியிருந்தார். குறையவில்லை, இரட்டிப்பாயிற்று.

முதல் பந்தியில் மகள் ஓரமாக முழங்காலிட்டு, பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டிருந்தாள். அவர் அங்கே போகவில்லை, துணியை எடுத்துக்கொண்டார். அப்பம் வந்தபோது அவள் கையை நீட்டவில்லை. எழுந்து போகவும் இல்லை. போதகர் அவளைக் கடந்து போனார். இரண்டாம் பந்தி வந்தது, மூன்றாம் பந்தி வந்தது. அவள் அசையவில்லை. சபையே பார்த்தது. அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். ஒரே விளிம்பை மூன்று முறை துடைத்தார்.

கடைசிப் பந்திக்கு நாலைந்து பேரே எழுந்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தம்பி வந்தான். கண் சிவந்திருந்தது. அண்ணன் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்டான்.

"என்னன்னு கேட்டாங்க?"

"'துரை வந்துட்டானா, கதவைத் தாழ் போடாத'ன்னு. தினமும்." பம்பரம் கையிலிருந்த துணியை மடித்தார். "நானும் போடலடா."

தம்பி மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மகள் விட்டிருந்த இடத்துக்கு அடுத்தாற்போல் போய் முழங்காலிட்டான். நடுவில் இருந்த இடத்தை அப்படியே விட்டிருந்தான்.

பம்பரம் துணியைப் படியில் வைத்துவிட்டு அந்த இடத்தில் முழங்காலிட்டார். மூட்டு நெட்டி முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. உள்ளங்கையில் கோணலாக வெட்டின ஒரு துண்டு வந்து விழுந்தது. மகளும் கையை நீட்டினாள். பாத்திரம் தம்பியின் வாய்க்குப் போனது. துடைக்க அன்று ஆளில்லை. தம்பியின் உதட்டு ஈரம் காயாத அதே விளிம்பில் அண்ணன் வாயை வைத்துக் குடித்தார்.