வெயிலில் வைத்த மரத்துண்டுகள்

சென்னையில் பட்டம் வாங்கி வந்த என் மகன், சுங்கை சிப்புட் எஸ்டேட் வீட்டில் மரத்துண்டுகளுக்குள் காட்டு வண்டு வளர்த்துக்கொண்டிருந்தான். தாயின் நிறம் குஞ்சுக்கு வருகிறதா என்று மூன்று தலைமுறை வளர்த்துக் காட்டினால், வன இலாகா துரை அவனை ஆராய்ச்சி வேலைக்குச் சேர்த்துக்கொள்வாராம். இரண்டு தலைமுறை முடிந்திருந்தது.

அந்த வாரம் வீட்டு அரிசியிலும் வண்டு வந்துவிட்டது. அவன் வண்டுதான் பரவிவிட்டது என்ற எரிச்சலில் அரிசியோடு அவனுடைய மரத்துண்டுகளையும் வெயிலில் காயவைத்தேன். மாலையில் அவன் வந்து பார்த்தபோது அவனுடைய வண்டுகள் எல்லாம் செத்துக் கிடந்தன.

"அரிசியில வண்டு விழுந்தா வேற என்னடா செய்வாங்க?" என்று நானே முந்திக்கொண்டு கத்தினேன்.

அவன் நோட்டை எடுத்தான். "எத்தனை மணிக்கும்மா வெச்சீங்க?"

"கஞ்சி வடிச்சப்புறம். தொரைகிட்ட என்ன சொல்லுவ?"

"நடந்தத சொல்றேன். எடம் வேற ஆளுக்குப் போயிடும்லா."

அவன் திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அந்த வண்டுகளைப் பற்றி நான் அவனிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.