மூடிய கைக்குள் ஒரு ஜெபக்குறிப்பு

எங்கள் சபையில் ஒரு விஷயம் ஊர் முழுக்கப் பரவ வேண்டுமென்றால் அதை ஜெபக்குறிப்பாகக் கொடுத்தால் போதும். "ஜெபிக்கிறதுக்காகத்தான் சொல்றேன்" என்று ஆரம்பிப்பார்கள். ஆராதனை முடிந்து டீ குடிப்பதற்குள் நாலு ஸ்டாப் தள்ளி இருக்கும் கீழ்க்கட்டளைக்கே தெரிந்துவிடும். அதனால்தான் அப்பாவைக் குடி மறுவாழ்வு மையத்தில் சேர்த்த வாரம், அம்மா என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "சண்டே ஸ்கூல்ல வாயத் தொறந்த, அவ்வளவுதான். அப்பா கம்பெனி வேலையா பெங்களூர் போயிருக்காரு."

அப்போது நான் ஏழாவது. எங்கள் சண்டே ஸ்கூல் வகுப்பு சர்ச் கார் ஷெட்டில் நடக்கும். ஓர் அக்கா எடுப்பார். மற்ற நாட்களில் ஏதோ ஆபீஸில் வேலை. வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்ல வேண்டும். கணக்குப் பரீட்சை, காணாமல் போன பூனை, இப்படி ஏதாவது. என் முறை வந்தபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார்: "சொல்ல முடியாதது இருந்தா கைய மூடிக்கோங்க. உள்ள இருக்கறது ஆண்டவருக்குத் தெரியும். நான் கேக்க மாட்டேன்."

அடுத்த வாரம் வகுப்பே கையை மூடிக்கொண்டது. பையன்களுக்கு எல்லாமே விளையாட்டுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் என் கை யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு ஞாயிறு, பாடகர் குழு ஆன்ட்டி ஒருவர் ஷெட்டுக்கே வந்துவிட்டார். என் எதிரிலேயே, "ஏம்மா, இவ அப்பாவக் கொஞ்ச நாளா காணோமே? விவரம் சொன்னா ஜெபிக்கலாம்ல?" என்றார்.

"ஜெபிங்க ஆன்ட்டி. விவரம் கர்த்தர்கிட்ட இருக்கு," என்றார் அக்கா சிரித்துக்கொண்டே. ஆன்ட்டியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அன்று பஸ் ஸ்டாப்பில் நானாகவே அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவர் பைபிள் வசனம் எதுவும் சொல்லவில்லை. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன்பின் ஞாயிறுதோறும் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்பார். அந்த நாட்களில் நான் உடைந்துபோகாமல் இருந்தது அவரால்தான். அந்த நன்றி இன்னும் தீரவில்லை.

அப்பா திரும்பி வந்து முதன்முதலாகச் சர்ச்சுக்குள் நுழைந்தபோது கடைசி பெஞ்சைத்தான் தேடினார். வாசலில் அக்கா, "ஸ்தோத்திரம் அண்ணா, முன்னாடி ஃபேனுக்குக் கீழ இடம் இருக்கு," என்றார், போன வாரமும் பார்த்தவர் போல.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா பெருமூச்சு விட்டார். "நல்லவேளை பாப்பா, உங்க டீச்சருக்கு மட்டும் எதுவும் தெரியல."

"ஆமாப்பா," என்று சொல்லிவிட்டு, கையை மூடிக்கொண்டேன்.